நடுங்கும் கரங்களுக்கு நம் துணை

மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

முன்னுரை

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் பழமொழி. ஆனால் அச்செல்வம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. சில நோய்கள் வருகின்றன, மருந்துண்டால் போய்விடுகின்றன. வேறு சில நோய்களோ வந்தபின் போவதே இல்லை. பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் என்று மனிதரோடு கூடவே குடியிருக்கின்றன. அத்தகைய நோய்களுள் ஒன்றுதான் பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் 85 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்து வந்தனர். இருபத்தைந்து ஆண்டுகளில் இத்தொகை இரு மடங்காகியுள்ளது. என் தாத்தாவும் அவர்களுள் ஒருவர். தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற அவருக்கு, அறுபத்தாறாம் வயதில் இந்நோய் இருப்பதாக மருத்துவர் கூறினார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்நோய் வந்தவரின் வருங்காலம் எப்படி இருக்கும்? அவருக்கு யார் யார் எவ்வாறு துணை நிற்கலாம்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் வந்த வரலாறு

இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் வாழ்ந்த மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். அவர் 1817-ஆம் ஆண்டில் ‘நடுக்குவாதம் பற்றிய கட்டுரை’ என்னும் சிறு நூலை வெளியிட்டார். அதில் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். வியப்பு என்னவென்றால், அந்த அறுவருள் மூவரை அவர் தெருவில்தான் கண்டார். அவர்களுள் ஒருவரைத் தொலைவிலிருந்தே கவனித்தார். தெருவில் முன்பின் அறியாத ஒருவர் முன்பக்கம் குனிந்து, ஓட்டமும் நடையுமாகத் தடுமாறிச் செல்வதைக் கண்டு, ‘இவருக்கு என்ன துன்பமோ?’ என்று நின்று நோக்கிய அக்கண்களுக்கே இம்மருத்துவ உண்மை புலப்பட்டது.

பின்னர் பாரிஸ் நகரத்தில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்க்கோ என்னும் பேராசிரியர் இந்நோயை மேலும் ஆராய்ந்து, முதலில் கண்டவரின் நினைவாகப் ‘பார்க்கின்சன் நோய்’ என்று பெயரிட்டார். ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த ஏப்ரல் 11-ஆம் நாள் இன்று உலகப் பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மூளையில் நடப்பது என்ன?

நம் அறிவியல் பாடத்தில் நரம்பு மண்டலத்தைப் பற்றிப் படிக்கிறோம். ஒரு நரம்பு செல்லிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியைக் கொண்டு செல்லும் வேதிப்பொருள்கள் உண்டு என்றும், அவற்றுக்கு நரம்புணர்வு கடத்திகள் என்று பெயர் என்றும் அறிவோம். டோப்பமின் என்பது அவற்றுள் ஒன்று. நடுமூளையில் கருமை நிறமாகத் தோன்றும் ஒரு சிறு பகுதியில் உள்ள செல்கள் இதனை உண்டாக்குகின்றன. நாம் எழுந்திருக்கவும், நடக்கவும், பொத்தானை மாட்டவும், சிரிக்கவும் நினைத்தவுடன் உடல் தடையின்றி இயங்குவதற்கு டோப்பமின் இன்றியமையாதது.

இந்நோயில் அச்செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. பாதியளவோ அதற்கு மேலோ அழிந்த பின்னரே வெளிக்குறிகள் தெரிகின்றன. ஏன் அழிகின்றன என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. முதுமை ஒரு காரணம். சிலருக்குப் பரம்பரைக் கூறு காரணமாகிறது. சில பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி மருந்துகளோடு நெடுங்காலம் புழங்குவோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இது தொற்றுநோய் அன்று. நோயாளியின் கையைப் பிடிப்பதாலோ அவர் உண்ட தட்டைக் கழுவுவதாலோ யாருக்கும் வராது. முற்பிறவிப் பாவமும் அன்று. எவரும் வைத்த செய்வினையும் அன்று.

கைநடுக்கம் மட்டும்தானா?

கை நடுங்குவதுதான் இந்நோய் என்று பலர் எண்ணுகின்றனர். சிலருக்கு நடுக்கமே இராது. அசைவுகள் மெதுவாகிவிடுவதும், தசைகள் இறுகி விறைப்பதும், நிலைதடுமாறுவதும் நடுக்கத்தைக் காட்டிலும் மிகுதியாகத் துன்பம் தருபவை. கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகும். என் தாத்தாவின் பழைய கணக்குப் புத்தகங்களை ஆச்சி பத்திரமாக வைத்திருக்கிறார்கள். முதல் புத்தகங்களில் எழுத்துகள் முத்து முத்தாக இருக்கின்றன. ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில் ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கி எறும்பு போல் முடிகிறது.

மோப்ப உணர்வு குறைதல், மலச்சிக்கல், உறக்கத்தில் கனவு கண்டபடியே கைகால்களை வீசுதல் ஆகியவை, நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே வரலாம். முகத்தசைகள் அசையாமல் போவதால் முகம் உணர்ச்சியற்றதுபோல் தெரியும். இதனால் நேரும் தவறான எண்ணங்கள் பல. ‘பெரியவர் கோபமாக இருக்கிறார்’ என்று விருந்தினர் எண்ணிக்கொள்வர். ‘நான் சொன்ன செய்தியில் அவருக்கு மகிழ்ச்சியே இல்லை’ என்று பிள்ளைகள் வருந்துவர். உள்ளே மகிழ்ச்சி இருக்கிறது. முகத்துக்கு வர வழி இல்லை. இதை அறிந்துகொண்டால் பல வீடுகளில் பாதி மனத்தாங்கல் தீர்ந்துவிடும்.

மருந்தின் கதை

1957-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்ப்பின் என்னும் மருந்தைக் கொடுத்தார். ரிசர்ப்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்திச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. பின்பு லெவோடோபா என்னும் பொருளை ஊசி மூலம் செலுத்தினார். முயல்கள் எழுந்து நடமாடின! மூளையில் லெவோடோபாவே டோப்பமினாக மாறுகிறது. இவ்வாராய்ச்சிகளுக்காக அவருக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. வியன்னா நகரில் ஹோர்னிகீவிச் என்பவர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோப்பமின் மிகக் குறைந்திருப்பதை 1960-இல் எடுத்துக்காட்டினார். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் என்பவர், லெவோடோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே கொடுத்து, படுத்த படுக்கையாய் இருந்தோரையும் நடக்கச் செய்தார்.

இதில் நம் மாநிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை 1937-ஆம் ஆண்டிலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு வேதியியல் அறிஞர்கள் பிரித்தெடுத்துக் காட்டினர். அப்போது அது ஒரு பெரும் நோய்க்கு மருந்தாகும் என்று உலகம் அறியாது. ஆனால் இதைப் படித்துவிட்டு எவரும் பூனைக்காலிப் பொடியைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. பொடியில் மருந்தின் அளவு ஒருபோல் இராது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சிவிடும்.

இன்று லெவோடோபாவுடன் கார்பிடோபா என்னும் துணை மருந்தைச் சேர்த்து மாத்திரையாகக் கொடுக்கின்றனர். லெவோடோபா வழியிலேயே மாறிவிடாமல் மூளையைச் சென்றடைய அது உதவுகிறது, குமட்டலையும் குறைக்கிறது. மருந்தால் மட்டும் சமாளிக்க இயலாத சிலருக்கு, மூளையின் உட்பகுதியில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி மின்துடிப்பு அளிக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. 1987-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்னும் மருத்துவர் இம்முறையைத் தொடங்கினார். நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற இடங்களில் இது செய்யப்படுகிறது. எனினும் இது எல்லார்க்கும் ஏற்றதன்று. நோயை வேரோடு போக்குவதும் அன்று.

ஆண்டுகள் செல்லச் செல்ல

‘இந்த நோய் வந்தால் எத்தனை நாள் உயிரோடு இருப்பார்?’ என்பதே உறவினர் பலரும் முதலில் கேட்கும் கேள்வி. தக்க சிகிச்சை பெறுவோர் பலர் ஏறத்தாழ இயல்பான ஆயுளை அடைகின்றனர் என்பதே மருத்துவர் தரும் விடை. ஆகவே, ‘எத்தனை நாள்?’ என்பதைவிட, ‘அத்தனை நாளும் எப்படி?’ என்று கேட்பதே பொருத்தமாகும்.

1967-ஆம் ஆண்டில் மார்கரெட் ஹோன், மெல்வின் யார் என்னும் மருத்துவர் இருவர் இந்நோயின் வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தனர். முதற்படியில் உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்படும். இரண்டாம் படியில் இரு பக்கமும் பாதிக்கப்படும். ஆனால் நிலைதடுமாற்றம் இராது. மூன்றாம் படியில் தடுமாற்றம் தொடங்கும். எனினும் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளலாம். நான்காம் படியில் எழுந்து நிற்கவும் நடக்கவும் முடிந்தாலும், அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவி மிகுதியாக வேண்டும். ஐந்தாம் படியில் துணையின்றி எழ இயலாது. எல்லாரும் ஒரே வேகத்தில் இப்படிகளைக் கடப்பதில்லை. எல்லாரும் ஐந்தாம் படியை அடைவதும் இல்லை.

மருந்து தொடங்கிய முதற்சில ஆண்டுகள் பெரும்பாலும் நன்றாகவே கழியும். பின்னர் ஒரு மாத்திரையின் பயன் அடுத்த மாத்திரைக்கு முன்பே தீர்ந்துவிடத் தொடங்கும். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் திடீரென விறைத்து நின்றுவிடுவார். மற்றொரு வேளையில், வேண்டாமலே உடல் நெளிந்து ஆடும். இதனை அறியாதவர், ‘காலையில் நடந்தவருக்கு மாலையில் என்ன வந்தது? வேண்டுமென்றே செய்கிறார்’ என்று பேசுவர். அது நோயின் இயல்பு. நோயாளியின் பிடிவாதம் அன்று.

இந்நோயுடன் நெடுங்காலம் வாழ்ந்தோர் பலர் உலகறிந்தவர்கள். குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984-இல், நாற்பத்திரண்டாம் வயதில் இந்நோய்க்குறி கண்டறியப்பட்டது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் நடுங்கும் கரத்தால் தீபம் ஏற்றினார். 2016-இல் மறையும்வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் அதனோடு வாழ்ந்தார். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-இல் இருபத்தொன்பது வயதிலேயே நோய் தெரிந்தது. அவர் 2000-ஆம் ஆண்டில் இந்நோய் ஆராய்ச்சிக்கென்றே ஓர் அறக்கட்டளையை நிறுவினார்.

1986-ஆம் ஆண்டில் சென்னைக்கும் வருகை தந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களை நம் வீடுகளில் அறியாதார் இலர். மலையேறுவதிலும் பனிச்சறுக்கிலும் விருப்பம் கொண்டிருந்த அவர், தம் இறுதி ஆண்டுகளில் நடுங்கும் கையும் தளர்ந்த குரலுமாகவே பணியாற்றினார். 2005-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று சன்னலருகே வந்து ஆசி கூற முயன்றார், குரல் எழவில்லை. கையால் சிலுவை அடையாளம் வரைந்தார். ஏப்ரல் 2-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். தம் நோயை அவர் மக்கள் கண்ணுக்கு மறைக்காமல் இருந்தது, வீட்டுக்குள் ஒளிந்து வாழ்ந்த பல நோயாளிகளுக்குத் துணிவளித்தது. நடுங்கும் கையோடு கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் வருவது வெட்கப்படத்தக்கது அன்று.

மணி தவறாத மாத்திரை

இந்நோயில் மருந்தின் பெயரைப் போலவே மருந்தின் மணியும் முக்கியமானது. காலை ஆறு மணி மாத்திரை ஏழு மணிக்குப் போனால், அந்த ஒரு மணி நேரமும் நோயாளி பல் துலக்கவும் முடியாமல் கிடக்க நேரிடும். எங்கள் வீட்டில் ஆறு, பத்து, இரண்டு, ஆறு என்று நான்கு வேளை. பத்து மணி மாத்திரைக்குப் பள்ளி நாள்களில் ஆச்சி பொறுப்பு. விடுமுறை நாள்களில் நான் பொறுப்பு.

மாத்திரையை உணவுக்கு அரைமணி முன்போ ஒரு மணி பின்போ கொடுப்பது நல்லது. பருப்பு, பால், முட்டை, மீன் முதலியவற்றிலுள்ள புரதம் மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும். அதற்காகப் புரதத்தை நிறுத்திவிடக் கூடாது, உடல் மெலிந்துவிடும். நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதனோடு சேர்த்து விழுங்கலாகாது. ‘உடம்பு தேவலை’ என்று எண்ணி மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேரும்போதுதான் பெருஞ்சிக்கல் வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடலிறக்க அறுவைக்காகத் தாத்தா ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே எல்லா நோயாளிகளுக்கும் காலை மருந்து எட்டு மணிக்குத்தான். முதல் நாள் எட்டு மணி ஆவதற்குள் தாத்தாவால் கட்டிலில் புரண்டு படுக்கவும் இயலவில்லை; விழுங்கவும் இயலவில்லை. ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’ என்று பணியாளர் குறைகூறினர். ஆச்சி தம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மருத்துவரிடம் நீட்டினார்கள். அதில் நான்கு வேளையும் மருந்தின் பெயரும் அளவும் எழுதியிருந்தன. “டாக்டரய்யா, இவருக்கு ஆறு மணின்னா ஆறு மணிதான். தப்புனா ஆளே அசைய மாட்டாரு” என்றார்கள். மருத்துவர் அத்தாளைப் படித்து, நோயாளியின் அட்டையில் மணியைச் சிவப்பு மையால் எழுதினார். மறுநாள் தாத்தா எழுந்து உட்கார்ந்தார்.

அத்தகைய தாள் ஒன்று ஒவ்வொரு நோயாளியின் சட்டைப்பையிலும் இருத்தல் வேண்டும். அதில் இன்னொரு செய்தியும் எழுதப்பட வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் ஆகிய மருந்துகள் டோப்பமினைத் தடுப்பவை. இந்நோயாளிக்கு நிலைமையை மோசமாக்குபவை. ‘இவருக்குப் பார்க்கின்சன் நோய் உண்டு’ என்று முன்கூட்டியே சொன்னால் மருத்துவர் வேறு மருந்து தருவார்.

வீட்டில் செய்யத்தக்கவை

நடை: நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதுண்டு, அதுவும் வாசற்படியிலும் திரும்பும் இடத்திலும். அவ்வேளை கையைப் பிடித்து இழுத்தால் நோயாளி விழுந்துவிடுவார். நின்று, மூச்சுவிட்டு, ‘ஒன்று, இரண்டு’ என எண்ணிக்கொண்டோ, தரையிலுள்ள ஒரு கோட்டைத் தாண்டுவதாக நினைத்தோ அடியெடுத்து வைத்தால் கால் எழும்பும். எங்கள் வீட்டில் திண்ணையிலிருந்து குளியலறை வரை ஓரடி இடைவெளியில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறோம். உடற்பயிற்சி மருத்துவர் சொல்லிக்கொடுத்த வழி இது. குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, கையுள்ள உயரமான நாற்காலி ஆகியவை செலவு குறைந்த பெரும் உதவிகள்.

உடற்பயிற்சி: நாள்தோறும் நடப்பதும், கைகால்களை நீட்டி மடக்குவதும், தாளத்துக்கேற்ப அடிவைப்பதும் மருந்துக்கு நிகரான பயன் தருபவை. ‘வயதானவர், சும்மா உட்காரட்டும்’ என்று அன்பினால் எல்லா வேலைகளையும் நாமே செய்து கொடுப்பது அவருக்கு நன்மை அன்று. மெதுவாகவேனும் தம் சட்டையைத் தாமே மாட்டிக்கொள்வது நல்லது.

பேச்சு: குரல் மெலிந்துவிட்டதை நோயாளி உணர்வதில்லை, தாம் உரக்கப் பேசுவதாகவே நினைப்பார். ஒரு மாத காலத்தில் பதினாறு முறை அளிக்கப்படும் ‘உரக்கப் பேசும்’ பயிற்சி ஒன்று உண்டு. தாத்தா பல ஆண்டுகள் ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசித்தவர். குரல் தாழ்ந்ததும் தாமே விலகிக்கொண்டார். பேச்சுப் பயிற்சிக்குப் பின் மாலைதோறும் செய்தித்தாளை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறார். சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளன்று பங்குத்தந்தை அவருக்கென ஒரு நாற்காலியும் தாழ்ந்த ஒலிபெருக்கியும் வைத்துச் சிறு வாசகம் ஒன்றை வாசிக்கச் செய்தார். நான்கு வசனங்களை வாசித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கோவிலில் இருந்தோர் அனைவரும் காத்திருந்தனர்.

உணவு: நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு சிறு கவளமாக உண்ண வேண்டும். விழுங்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. உணவு மூச்சுக்குழலுக்குள் சென்று நிமோனியா வருவதே நோயின் பிற்காலத்தில் நேரும் பெரிய ஆபத்து. தண்ணீர் குடித்தால் இருமல் வருமானால், அதைக் கெட்டியாக்கித் தரலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். கீரை, பழம், போதிய நீர் ஆகியவை மலச்சிக்கலைக் குறைக்கும். படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்து பின் நிற்பது, இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து மயங்கி விழாமல் காக்கும்.

மனம்: இந்நோயாளிகளுள் பலருக்கு மனச்சோர்வு வருகிறது. அது துக்கத்தால் மட்டும் வருவதன்று; மூளையின் மாற்றத்தாலும் வருவது. அதற்கும் மருந்துண்டு. சிலருக்குப் பின்னாளில் மறதி மிகும். அறையில் இல்லாத குழந்தையோ பூனையோ இருப்பதாகத் தோன்றும். அதைப் பேய் என்று அஞ்சி மந்திரிக்க அழைத்துச் செல்வது வீண். மருந்தின் அளவை மாற்றினாலே பலருக்கு அது குறையும். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பராமரிப்பவரை மறவோம்

நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் இரண்டு பேர் துன்புறுகின்றனர். ஒருவர் நோயாளி, மற்றவர் அவரைப் பார்த்துக்கொள்பவர். பெரும்பாலான வீடுகளில் அவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறார். ஆச்சிக்கு எழுபது வயது; இரு முழங்காலிலும் வலி. இரவில் தாத்தாவைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு முறையேனும் எழுகிறார்கள். சென்ற கோடையில் ஆச்சிக்குத் தலைசுற்றல் வந்து விழுந்தபோது, அவர்களைப் பார்த்த மருத்துவர் தாத்தாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அம்மா, நீங்க கடைசியா எப்போ ராத்திரி முழுசும் தூங்குனீங்க?” என்றுதான் கேட்டார். ஆச்சியால் விடை சொல்ல இயலவில்லை.

அதன்பின் வீட்டில் வேலைகளைப் பங்கிட்டோம். வாரத்தில் இரண்டு இரவுகள் அப்பா தாத்தாவின் அறையில் படுக்கிறார். மாதத்தில் ஒரு வாரம் மதுரையிலிருந்து அத்தை வருகிறார்கள். ஞாயிறு மாலை ஆச்சி தம் தங்கை வீட்டுக்குப் போய்வருகிறார்கள். பராமரிப்பவர் நலமாக இருந்தால்தான் நோயாளிக்கு நீண்ட நாள் துணை கிடைக்கும். பத்து நாள் காய்ச்சலுக்கு ஒருவர் விழித்திருக்கலாம். பத்து ஆண்டு நோய்க்கு ஒருவரே விழித்திருக்க முடியுமா?

அரசும் சமூகமும் தரும் உதவி

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் பார்க்கின்சன் நோயும் ஒன்று. ஆகவே பாதிப்பின் அளவுக்கேற்ப அரசு மருத்துவக் குழுவிடம் சான்றிதழும் அடையாள அட்டையும் பெற வழி உண்டு. அவற்றைக் கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். இதை அறியாமலே பல ஏழைக் குடும்பங்கள் இருக்கின்றன. மும்பையில் 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் குறைபாட்டுச் சங்கம், பல ஊர்களில் நோயாளிகளையும் குடும்பத்தாரையும் ஒன்றுகூட்டி உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, ஆலோசனை ஆகியவற்றை அளித்து வருகிறது. ‘எனக்கு மட்டுமே இத்துன்பம்’ என்னும் எண்ணம் அத்தகைய கூட்டங்களில் நீங்கிவிடுகிறது.

மாணவியராகிய நாம் செய்யத்தக்கவை

தோழியரே, நாம் மருத்துவர் அல்லர். எனினும் நம்மால் இயன்றவை பல.

1. நம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவரின் அசைவு மெதுவாகி, எழுத்து சிறுத்து, ஒரு கை ஆடாமல் நடந்தால், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுமாறு பெரியவர்களிடம் சொல்லலாம்.

2. மாத்திரை நேரத்தை அட்டையில் எழுதித் தொங்கவிடலாம். கடிகாரத்தில் மணி வைத்துக் கொடுக்கலாம்.

3. நோயாளி பேசும்போது வாக்கியத்தை நாம் முடித்து வைக்காமல், அவரே முடிக்கும்வரை காத்திருக்கலாம்.

4. அங்காடியில், பேருந்தில், கோவில் வரிசையில் நடுங்கும் கையோடு காசெடுப்பவரைக் கண்டு, ‘குடித்திருக்கிறார்’ என்று சிரிப்போரிடம் உண்மையை எடுத்துரைக்கலாம்.

5. மாலையில் அரைமணி நேரம் அவரோடு நடக்கலாம். அந்நேரம் பராமரிப்பவருக்கு ஓய்வாகும்.

முடிவுரை

இந்நோயை முற்றிலும் போக்கும் மருந்தோ, அதன் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் மருந்தோ இன்றளவும் கண்டுபிடிக்கப்படவில்லை. அறிஞர்கள் அயராது உழைக்கின்றனர். நம்முள் ஒருத்தி கூட நாளை அப்பணியில் ஈடுபடலாம். அதுவரை நோயாளிக்கு வேண்டுவது நேரம். மருந்து குறித்த நேரத்தில் கிடைக்க வேண்டும். பொத்தான் மாட்ட, படியேற, ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரம் தரப்பட வேண்டும். நம்மைக் கைபிடித்து நடக்கப் பழக்கியபோது, பெரியவர்கள் நம் சின்னக் கால்களின் வேகத்துக்குத் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டார்கள் அன்றோ? இப்போது நடையைக் குறைத்துக்கொள்ள வேண்டிய முறை நம்முடையது.